பூனை மேல் போட்ட பழி

"வீட்டுல புதுசா ஏதாவது வந்திருக்கா? சுவருக்குப் பெயிண்ட் அடிச்சீங்களா, மெத்தை மாத்தினீங்களா, பூச்சி மருந்து தெளிச்சீங்களா, ஏதாவது பிராணி வளர்க்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

கேள்வி அக்காவிடம்தான் கேட்கப்பட்டது. ஆனால் அக்காவுக்கு அப்போது பேச மூச்சு இல்லை. ஒரு மாடி ஏறி வந்ததற்கே நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, தோள்கள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தாள். அதனால் அவளுக்குத் துணையாக வந்திருந்த கண்ணாடிக்காரர் பதில் சொன்னார்.

"ஒரு பூனை இருக்கு டாக்டர்."

சொன்னது பொய் இல்லை. பூனை இருந்தது. அதுவும் சாதாரணப் பூனை இல்லை. வாலைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போய் எல்லோரையும் மேற்பார்வை பார்த்ததால் அதற்கு மேனேஜர் என்றே பெயர்.

"அது வந்து ரொம்ப வருஷமாச்சே" என்றாள் அக்கா, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு எடுத்து.

"புதுசா வரணும்னு இல்லம்மா. இத்தனை நாள் ஒத்துக்கிட்டது ஒரு நாள் திடீர்னு ஒத்துக்காமப் போயிடும். எங்க படுக்கும் அது?"

"என் தலையணையில" என்றாள் அக்கா. அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கணக்குக்கு விடை கிடைத்துவிட்ட முகம் அவருக்கு. பூனையை எங்கேயாவது கொடுத்துவிடுங்கள், தலையணை உறைகளைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள், இந்த இன்ஹேலரைக் காலையும் மாலையும் இழுங்கள் என்றார். அக்கா தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். அந்த நேரத்தில் கண்ணாடிக்காரரின் தொண்டையில் இன்னொரு வாக்கியம் நின்றுகொண்டிருந்தது. கீழ் அறையில் நான் மரத்துக்கு ஒரு பூச்சு அடிக்கிறேன் டாக்டர் என்ற வாக்கியம். வாயைத் திறந்தால் வந்துவிடும். அவர் திறக்கவில்லை. வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டினார்.

அக்கா என்பது அவர் மனைவியின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவள். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ஊரில் அவள் முகத்தைப் பார்க்காதவர்களுக்கும் அவள் குரல் தெரியும். வண்டி தாமதம் என்ற செய்தியைக்கூட, கேட்பவருக்குக் கோபம் வராதபடி சொல்லத் தெரிந்தவள். 'வருந்துகிறோம்' என்று அவள் சொன்னால் உண்மையிலேயே யாரோ எங்கோ உட்கார்ந்து வருந்துவது போலிருக்கும். வீட்டிலும் அந்த விளையாட்டு உண்டு. "சமையலறையிலிருந்து வர வேண்டிய இரவு உணவு, குக்கர் விசில் அடிக்காத காரணத்தால் சற்றுத் தாமதமாக வந்து சேரும்" என்று மாடிப்படியில் நின்று அறிவிப்பாள். தங்கை கீழே இருந்து கரண்டியைக் காட்டுவாள்.

வீடு அக்கா தங்கை இருவருக்கும் அப்பா விட்டுப்போனது. மேலே அக்கா, கீழே தங்கையும் கண்ணாடிக்காரரும். தங்கை பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கண்ணாடிக்காரரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், அதில் பாதி கேலி, பாதி பயம். அவருக்குக் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை. பகலெல்லாம் எறும்புக்கண் அளவு திருகாணிகளோடு மல்லுக்கட்டியவருக்கு, ஐம்பதைத் தாண்டியபோது, கைக்கு அடங்காத பெரிய பொருள் எதையாவது செய்துபார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தது. மரம் கடையும் ஒரு சின்ன கடைசல் எந்திரம் வாங்கினார். அதை வைக்க இடம் கொடுத்ததே அக்காதான். அப்பாவின் பழைய ஸ்கூட்டர் நிற்கும் பின்னறையில் அவளுக்கும் பாதிப் பங்கு உண்டு. "ஸ்கூட்டரை வித்துடுங்க மாப்பிள்ளை, அது இனிமே ஓடப்போறதில்ல. நீங்களாவது ஓட்டுங்க" என்றாள்.

சுழலும் மரத்தில் உளி படும்போது சீவல் சுருள் சுருளாகப் பறந்து வந்து மார்பில் விழும். கண்ணாடிக்காரருக்கு அந்தச் சத்தமும் அந்த வாசனையும் பிடித்துப்போயின. கிண்ணம் கிண்ணமாகக் கடைந்து தள்ளினார். உறவுக்காரர் வீடுகளிலெல்லாம் அவர் கிண்ணம். "இன்னும் ஒரு கிண்ணம் உள்ள வந்தா நாம வெளிய போகணும்" என்றாள் டீச்சர்.

முதலில் எண்ணெயும் மெழுகும்தான் தேய்த்தார். நான்கு முறை கழுவினால் பளபளப்பு போய்விடும். அவர் சேர்ந்திருந்த கடைசல் சங்கத்தில் செயலாளராக இருந்தவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். அவருடைய ஜாடிகளோ கண்ணாடி போல மின்னின. முகம் பார்த்துத் தலை சீவலாம். ரகசியத்தை அவரே சொன்னார். காருக்கு அடிக்கிற மாதிரியான பூச்சு. இரண்டு டப்பாவாக வரும். பெரிய டப்பாவில் லேக்கர், சின்ன டப்பாவில் அதை இறுகவைக்கும் ஹார்டனர். இரண்டையும் கலந்து ஸ்ப்ரே கன்னில் அடித்தால் போதும், கல் மாதிரி காய்ந்துவிடும்.

சின்ன டப்பாவின் முதுகில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடிக்காரர் படிக்காமல் விடவில்லை. படிப்பதுதானே அவர் தொழில். ஐசோசயனேட் என்று ஒரு பெயர். அது மூச்சு வழியாக உள்ளே போனால் ஆஸ்துமா வரலாம், ஒரு தடவை ஒத்துக்காமல் போனவர்களுக்குப் பிறகு துளி பட்டாலும் ஆபத்து, மூடிய இடத்தில் அடிக்காதே, கவசம் இல்லாமல் அடிக்காதே. படித்ததும் அவர் பயந்தார். பயந்த மனிதர் செய்ய வேண்டியதைச் செய்தார். இரண்டு பக்கமும் காற்றை வடிகட்டும் குடுவை வைத்த முகமூடி வாங்கினார். கையுறை வாங்கினார். பின்சுவரில் ஓட்டை போட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினார். அறைக்குள் இருக்கும் காற்றெல்லாம் அரை நிமிஷத்தில் வெளியே போய்விடும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

வெளியே என்றால் எங்கே? வீட்டுக்கும் மதில்சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் சந்து. அதற்கு நேர் மேலே அக்காவின் சமையலறை ஜன்னல். அவருக்கு அது தெரியாது என்று சொல்ல முடியாது. ஏணியில் நின்று ஃபேனுக்குக் கம்பி இழுத்த அன்று அந்த ஜன்னல் வழியாகத்தான் அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு அதே ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தார்.

பூச்சு அடிக்கும்போது தின்னரோடு சேர்ந்து பழுத்த பழம் போல ஓர் இனிப்பு வாசனை வரும். ஒரு நாள் அக்கா மேலே இருந்து எட்டிப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, கீழ பழக்கடை போட்டுட்டீங்களா? நல்ல வாசனையா வருதே" என்றாள். அவர் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இருமல். முதலில் வறட்டு இருமல். பிறகு மார்பில் விசில். பிறகு, நடைமேடை எண்ணைச் சொல்லும்போது வாக்கியத்தின் நடுவே மூச்சு நின்றுபோய், கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தது.

டாக்டரிடமிருந்து காரில் திரும்பும்போது அக்கா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்: "மேனேஜரை யாரு எடுத்துப்பாங்க?"

"நான் கடையில வச்சுக்கறேன்" என்றார் கண்ணாடிக்காரர். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"உங்களுக்குப் பெரிய மனசு மாப்பிள்ளை."

அந்த வார்த்தை அவருக்குச் சட்டைக்குள் விழுந்த மரச்சீவல் மாதிரி உறுத்தியது. கியரை மாற்ற வேண்டாத இடத்தில் மாற்றினார்.

பூனை கடைக்கு வந்தது. வந்த முதல் நாளே கண் பரிசோதனை நாற்காலியைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டது. வாடிக்கையாளர்கள் அதைத் தூக்கி இறக்கிவிட்டுத்தான் உட்கார வேண்டும். அக்கா வேலை முடிந்து வரும்போது கடை வாசலில் நிற்பாள். உள்ளே வரமாட்டாள், டாக்டர் சொல்லிவிட்டாரே. வெளியே நின்று காட்சிப் பெட்டியின் கண்ணாடியை விரல் நகத்தால் தட்டுவாள். பூனை எழுந்து வந்து இந்தப் பக்கம் நின்று வாயைத் திறக்கும். சத்தம் கேட்காது. "பட்டினி போடறீங்களா?" என்று அக்கா வாயசைப்பில் கேட்பாள். கண்ணாடிக்காரர் தலையை ஆட்டுவார். அவள் போன பிறகு, கண்ணாடியில் அவள் மூச்சு பட்டு மங்கிய இடத்தைத் துணியால் துடைப்பார்.

பூச்சு அடிப்பதை அவர் நிறுத்தவில்லை. ஒன்றுதான் செய்தார். அக்கா வேலைக்குப் போன பிறகு மட்டும் அடித்தார். டாக்டரே பூனை என்று சொல்லிவிட்டார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். டாக்டர் வாயில் பூனையை வைத்தது யார் என்பதை அந்த வாக்கியத்திலிருந்து கவனமாகக் கழற்றிவிட்டார். காய்ந்த பூச்சை உப்புத்தாளால் தேய்க்கும்போது பறந்த வெள்ளைத் தூளும் அதே ஃபேன் வழியாகத்தான் போனது. அதை அவர் கணக்கில் வைக்கவே இல்லை. பூனை போன பிறகும் அக்காவின் மார்பு சில நாள் சும்மா இருக்கும், சில நாள் விசில் அடிக்கும். "வீட்டுல அதோட முடி இன்னும் இருக்கும்க்கா" என்று டீச்சர் வாரம் தவறாமல் தரை விரிப்பை வெயிலில் போட்டு உதறினாள்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மாலை, குடை மடங்கிப்போய், முழுக்க நனைந்து அக்கா கடை வாசலில் நின்றாள். எவ்வளவு நேரம் வாசலில் நிறுத்துவது? கண்ணாடிக்காரர் கதவைத் திறந்து உள்ளே இழுத்தார். துண்டு எடுத்து வருவதற்குள் பூனை அவள் மடியில் ஏறிவிட்டது. இறக்கிவிட அக்காவுக்கு மனசு வரவில்லை. "கொஞ்ச நேரம்" என்றாள். பூனை அவள் கழுத்துக்கு அடியில் தலையைத் திணித்து, ஈர முடியை முகம் முழுவதும் தேய்த்தது.

மழை விடவில்லை. அக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரர் ஒரு லென்ஸைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டு அவள் மார்பையே கவனித்தார். விசில் இல்லை. இருமல் இல்லை. தோள்கள் ஏறி இறங்கவில்லை. கடைசியில் அவள் பூனையின் காதில், "கடைவீதியிலிருந்து வீட்டுக்குச் செல்லும் மேனேஜர் அவர்கள், மழை காரணமாக…" என்று ஆரம்பித்து முழு அறிவிப்பையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தாள்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை. மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு."

சந்தேகம் என்ற பெயரில் இத்தனை நாள் அவர் ஒதுக்கி வைத்திருந்தது இப்போது சந்தேகமாக இல்லை. "அக்கா" என்று ஆரம்பித்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்போது ஒருவர் உடைந்த கண்ணாடிக் காலைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே வந்தார். அவருக்குத் திருகாணி போட்டு முடித்தபோது மழை விட்டிருந்தது. அக்கா எழுந்துவிட்டாள். "என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. பாத்துப் போங்க, தண்ணி தேங்கியிருக்கும்."

அன்று அவர் ஒரு முடிவு எடுத்தார். இனி பூச்சு அடிப்பதில்லை. எடுத்ததும் மனசு லேசாகிவிட்டது. முடிவு எடுத்ததே பரிகாரம் ஆகிவிட்டது போலவும், இனி யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்பது போலவும் நிம்மதியாக இருந்தார்.

ஆனால் ஒரு ஜாடி பாக்கி இருந்தது. சங்கத்தின் கண்காட்சிக்காக அவர் கடைந்தது. ஒரு முழ உயரம், குறுகிய கழுத்து, காகிதம் போல மெல்லிய விளிம்பு. அவர் வாழ்நாளில் அப்படி ஒன்று அமைந்ததில்லை. மழைக்கு முன்பே இரண்டு பூச்சு போட்டாகிவிட்டது. மூன்றாவது இல்லாவிட்டால் பாதி மின்னும், பாதி மங்கும். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்த மாதிரி இருந்தது. பார்க்கும்போதெல்லாம் கை பரபரத்தது. ஒரே ஒரு தடவை, அதோடு சரி என்று நினைத்தார்.

கண்காட்சிக்கு முந்தின நாள் கடையைத் திறக்கவில்லை. டீச்சர் பள்ளிக்குப் போனாள். அக்கா வேலைக்குப் போனாள், சாயங்காலம்தான் வருவாள். அவர் மாடிக்குப் போய், மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து, அக்காவின் சமையலறை ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார். கீழே வந்து முகமூடியை மாட்டினார்.

அவர் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அக்காவுக்கு அன்று காலையிலேயே குரல் கட்டிக்கொண்டது மட்டும் கணக்கில் இல்லை. ஒரு வண்டியின் பெயரைச் சொல்ல முடியாமல் அவள் திணற, மேலதிகாரி வந்து, வீட்டுக்குப் போய் ஓய்வு எடுங்கள் என்று அனுப்பிவிட்டார். ஸ்ப்ரே கன்னுக்குக் காற்று தரும் கம்ப்ரசரும் ஃபேனும் இரைந்த இரைச்சலில் அவள் மாடிப்படி ஏறியது கண்ணாடிக்காரர் காதில் விழவில்லை. சமையலறை புழுக்கமாக இருந்தது. ஜன்னல் ஏன் சாத்தியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவள் திறந்தாள்.

ஜாடி அற்புதமாக வந்தது. கண்ணாடிக்காரர் ஈரம் காயட்டும் என்று கொஞ்ச நேரம் நின்று ரசித்தார். எந்திரங்களை நிறுத்தி, வாசலுக்கு வந்து, முகமூடியைக் கழற்றினார். மேலே ஒரு பாத்திரம் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. உருண்டு நின்ற பிறகு வேறு சத்தம் இல்லை.

அவர் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. அக்கா சமையலறையில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்து, வாயைக் கம்பிக்கு நடுவே வைத்து, வெளிக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். காற்று வேண்டி அவள் போனது அந்த ஜன்னலுக்குத்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. அவரைப் பார்த்ததும் ஒரு கையை நீட்டினாள். காப்பாற்ற ஆள் வந்துவிட்டது என்ற நிம்மதி அவள் கண்ணில் தெரிந்தது. கண்ணாடிக்காரரால் பிற்பாடு எதை மறக்க முடிந்தாலும் அந்த நிம்மதியை மறக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் ஒரு பெண். அக்காவின் முகத்தில் மருந்துப் புகை வரும் கவசத்தை மாட்டி, கையில் ஊசி ஏற்றி, கொஞ்சம் நிலைக்கு வந்த பிறகு திரைக்கு வெளியே வந்து கேட்டாள்.

"திடீர்னு இவ்வளவு மோசமாக என்ன காரணம்? இன்னிக்கு எதையாவது சுவாசிச்சாங்களா?"

வகுப்பிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்த டீச்சரின் விரலில் சாக்பீஸ் தூள் இருந்தது. "பூனைதான்னு சொன்னாங்க டாக்டர். அதைக்கூட வீட்டை விட்டு அனுப்பிட்டோம். இன்னும் என்ன பண்றதுன்னே தெரியல" என்றாள்.

"பூனை இல்ல" என்றார் கண்ணாடிக்காரர்.

இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இரண்டு டப்பாவைப் பற்றி, ஃபேனைப் பற்றி, மதிலோரச் சந்து பற்றி, ஜன்னலைப் பற்றி. ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. டாக்டர் ஹார்டனரில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். அவர் பெயரைத் தடுமாறாமல் சொன்னார்.

"அதுதான்" என்றாள் டாக்டர். "கொஞ்சம் கொஞ்சமா உள்ள போய் ஒரு கட்டத்துல உடம்பு அதை எதிரியா முடிவு பண்ணிடும். அதுக்கப்புறம் ஒரு துளி போதும். முதல்ல காட்டின டாக்டர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"இல்ல."

"அவர் கேக்கலையா?"

"கேட்டார்."

டீச்சர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு தாழ்வாரக் கோடியில் இருந்த குழாய்க்குப் போனாள். பாட்டில் நிறைந்து வழிந்த பிறகும் குழாயை மூடாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்காரர் அவளிடம் போக ஓர் அடி வைத்தார். பிறகு வைத்த அடியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அக்காவுக்குக் கவசத்தை எடுத்துவிட்டு மூக்கில் குழாய் வைத்தார்கள். பேச முடிந்தது. டீச்சர் ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். கண்ணாடிக்காரர் உள்ளே போனபோது டீச்சர் எழுந்து வெளியே போய்விட்டாள்.

"உக்காருங்க" என்றாள் அக்கா.

அவர் உட்காரவில்லை.

"டாக்டர் பூனையான்னு கேட்டப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"அவர் பூனையான்னு கேக்கல அக்கா. என்ன இருக்குன்னு கேட்டார். நான்தான் பூனைன்னு சொன்னேன்."

"தெரியுமா?"

"முழுசாத் தெரியாது. சந்தேகம் இருந்தது."

அக்கா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

"மழை அன்னிக்கு?"

இதற்கும் 'சந்தேகம்' என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் வாயே அதைச் சொல்லத்தான் தயாரானது.

"அன்னிக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றார்.

"தெரிஞ்சும் அடிச்சீங்க."

"ஆமா."

"ஜன்னலைச் சாத்தினது நீங்கதானா?"

"நான்தான்."

"நான் வேற, காத்துல சாத்திக்கிச்சுன்னு நினைச்சேன்" என்றாள் அக்கா. அவள் குரல் உயரவில்லை. உயர்த்த மூச்சும் இல்லை. "மூச்சு முட்டறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க முகமூடி போட்டுக்கிட்டு இருந்தீங்க." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் அங்கேயே நின்றார். நர்ஸ் வந்து, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லும் வரை நின்றார்.

வீட்டில் டீச்சர் அவரோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பாடு வைத்தாள், கடைச் சாவியை எடுத்துக் கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரு நாள் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல், "அந்தத் தரை விரிப்பை எத்தனை தடவை உதறினேன். ஒரு தடவையாவது என் கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாமே நீங்க" என்றாள். அவ்வளவுதான். திருத்தலைத் தொடர்ந்தாள்.

மிச்சமிருந்த டப்பாக்களைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது என்பதால், இறுக மூடி, இரண்டு உறைக்குள் கட்டி, ரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். பின்னறையைச் சுவரிலிருந்து தரை வரை ஈரத்துணியால் துடைத்தார். ஃபேனைக் கழற்றி ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்தார். ஜாடியை எடுத்துக்கொண்டு கண்காட்சிக்குப் போகவில்லை. ஆனால் அடுத்து வந்த சங்கக் கூட்டத்துக்குப் போனார். வந்தவர்கள் கைகளில் மரத்தில் கடைந்த புதுப் பேனா, புதுக் கிண்ணம். அவர் எழுந்து நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்காமல், தன் வாயால் பூனையைச் சொன்னது உட்பட. அறையில் சங்கடமாக இருந்தது. சிலர் தங்கள் கிண்ணங்களை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "கேக்கவே கஷ்டமா இருக்கு சார். ஆனா ஒண்ணு. நான் எத்தனையோ வருஷமா இதை அடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகல."

"எனக்கும் ஒண்ணும் ஆகல டாக்டர்" என்றார் கண்ணாடிக்காரர்.

கூட்டம் முடிந்து வண்டி எடுக்கும் இடத்தில் பல் டாக்டர் ஓடி வந்து கண்ணாடிக்காரரின் தோளைத் தொட்டார். "எங்க வீட்டுக்காரி துணி காயப்போடறது பட்டறைக்குப் பின்னாடிதான்" என்றார். சொல்லிவிட்டுத் தன் வண்டியை எடுக்கப் போனார்.

அக்காவால் அந்த வீட்டில் மறுபடி வாழ முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மாடியில் கால் வைத்ததும் மார்பு விசில் அடித்தது. எந்த மூலையில் எந்தத் தூள் ஒட்டிக்கொண்டிருந்ததோ. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை எடுத்துக்கொண்டு, பூனையோடு போய்விட்டாள். தன் அப்பா வீட்டிலிருந்து அவள் பெட்டி தூக்கிக்கொண்டு போனதை எதிர்வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். அறிவிப்பு வேலையும் போனது. உயிருக்குப் பயம் இல்லை, ஆனால் நீளமாகப் பேசினால் குரல் உடைந்துவிடுகிறது. தொலைந்த பொருட்கள் பிரிவில் உட்கார வைத்தார்கள். நிலையத்தில் இப்போது பதிவு செய்த குரல் ஒன்று ஒலிக்கிறது. கண்ணாடிக்காரர் ஒரு தடவை யாரையோ வழியனுப்பப் போய், வண்டி தாமதம் என்று அந்தக் குரல் சொன்னதைக் கேட்டார். அதில் யாரும் வருந்தவில்லை.

மாதங்கள் போயின. ஒரு நாள் அக்கா கடைக்குப் போன் செய்தாள். அவளே பேசியது அதுதான் முதல் தடவை.

"திரைச்சீலைக் கம்பி மாட்டணும். உயரம் எட்டல. வர முடியுமா?"

"இப்பவே வர்றேன் அக்கா."

"இப்ப வேண்டாம். குளிச்சுட்டு, பட்டறைப் பக்கமே போகாத சட்டையாப் போட்டுக்கிட்டு வாங்க."

அவர் போனார். வாசலிலேயே நிறுத்தி, "குளிச்சீங்களா?" என்று கேட்டாள். "தலைக்குக் குளிச்சேன்" என்றார். சுவரில் துளை போட்டால் தூசி பறக்கும் என்பதால் அவள் வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் துளைக்கு அடியில் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் போட்டார். கம்பி மாட்டி, சீலையைக் கோத்து, தரையை இரண்டு தடவை துடைத்து, கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டார்.

டீ போட்டுக் கொடுத்தாள். கதவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அவள் வேலையைப் பற்றிச் சொன்னாள். மனிதர்கள் எதையெல்லாம் ரயிலில் விட்டுவிட்டுப் போகிறார்கள் தெரியுமா என்றாள். குடை, போன் எல்லாம் சாதாரணம். போன வாரம் ஒருவர் மேல்வரிசைப் பல்செட்டை விட்டுவிட்டுப் போனார். அதைக் கேட்டு வந்தவரிடம், உங்களுடையதுதானா என்று எப்படிச் சரிபார்ப்பது? போட்டுக் காட்டுங்கள் என்று சொன்னேன், போட்டுக்கொண்டு ஒரு சிரிப்பு சிரித்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டேன் என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகியது.

கண்ணாடிக்காரர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

"எங்க போறீங்க? இது சிரிச்சதால வந்தது" என்றாள் அக்கா, கையால் மார்பைத் தட்டிக்கொண்டே. "எனக்கு வித்தியாசம் தெரியும். உள்ள வாங்க."

அவர் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க" என்றாள் அவள், டம்ளரைப் பார்த்துக்கொண்டு. "கம்பி மாட்ட ஆள் வேணும். உங்களுக்கு வேலை சுத்தமா வரும். அதான் கூப்பிட்டேன்."

"சரிக்கா."

"தினம் ராத்திரி படுக்கும்போது நினைப்பு வருது. கேட்ட உடனே சொல்லியிருந்தா எனக்கு இவ்வளவு தூரம் வந்திருக்காதுன்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க. அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அவர் ஆறிப்போன டீயைக் குடித்தார். அக்கா எழுந்து சமையலறைக் குழாயைத் திறந்து காட்டினாள். மூடிய பிறகும் சொட்டிக்கொண்டிருந்தது.

"வாஷர் போயிருக்கு" என்றார் அவர்.

"ஞாயித்துக்கிழமை வாங்க. தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க."

"வர்றோம்."

துடைத்த துணியையும் சுவர்த்தூளையும் ஓர் உறையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, தூசி அவள் பக்கம் போகாதபடி உடம்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அவர் படி இறங்கினார்.